குஸ்கோ திருவிழாவுக்குப் போகிறீர்களா? தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

ஜூன் 24 காலை ஒன்பது மணி வாக்கில், பெரு நாட்டின் குஸ்கோ நகரில் கொரிகாஞ்சா கோயில் புல்வெளியில் சங்கு ஊதுவார்கள். நம் ஊர்ச் சங்கு போலத்தான், அங்கே அதற்குப் பெயர் புத்துத்து. அந்தச் சத்தத்தோடுதான் இந்தி ராய்மி என்ற சூரியத் திருவிழா தொடங்கும். அதைப் பார்க்க நானும் என் தங்கையும் கோவையிலிருந்து இரண்டு நாள் பயணம் செய்து போனோம். நான் அந்தச் சங்கைக் கேட்டது விடுதி அறைக் கட்டிலில் படுத்தபடி, ஜன்னல் வழியாக. முந்தின நாள் சாயங்காலம்தான் குஸ்கோவில் இறங்கியிருந்தோம். இரவு முழுக்கத் தலைவலி, வாந்தி. எழுந்து உட்கார்ந்தால் மூச்சு வாங்கியது. "நீ போய்ப் பாரு, ஒருத்தியாவது பார்க்கட்டும்" என்று தங்கையை அனுப்பிவிட்டேன்.

மலிவாகக் கிடைக்கிறதே என்று முதலில் விமானச் சீட்டை வாங்கியதுதான் நான் செய்த தவறு. மற்ற எல்லாவற்றையும் அந்தச் சீட்டுக்குள் அடக்கப் பார்த்தேன். திருவிழாவுக்காகப் போகிறவர்கள் செய்யவேண்டியது இதற்கு நேர் எதிர். திருவிழா நாளை முதலில் குறித்துக்கொண்டு அங்கிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். எப்படி என்று படிப்படியாகச் சொல்கிறேன்.

1. எந்தத் திருவிழா என்று முதலில் முடிவு செய்யுங்கள்

தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலை நாடுகளில் மாதத்துக்கு ஒரு விழா உண்டு. முதல் முறை போகிறவர்களுக்கு நான் ஜூன் மாதத்தைத்தான் சொல்வேன். அது மழையில்லாத காலம். வானம் தெளிவாக இருக்கும். குஸ்கோவில் மாதம் முழுவதும் ஏதாவது ஒரு ஊர்வலம் நடந்துகொண்டே இருக்கும்.

இந்தி ராய்மிக்குத் தேதி மாறாது, ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 24தான். அதற்குச் சற்று முன்பாக வரும் கார்பஸ் கிறிஸ்திக்குத் தேதி மாறும். நம் கத்தோலிக்கர்கள் கிறிஸ்துவின் திருவுடல் பெருவிழா என்பார்களே, அதுதான். ஈஸ்டர் கழித்து 60ஆம் நாள், ஒரு வியாழக்கிழமை. 2027இல் மே 27, 2028இல் ஜூன் 15. அன்று நகரின் பல கோயில்களிலிருந்து 15 திருவுருவங்களைத் தோளில் சுமந்து பேராலயத்துக்குக் கொண்டுவருவார்கள். 2028இல் இரண்டு விழாக்களுக்கும் நடுவே ஒன்பதே நாள்தான். இரண்டையும் ஒரே பயணத்தில் பார்க்க நினைப்பவர்களுக்கு அந்த ஆண்டு நல்ல வாய்ப்பு.

கார்பஸ் கிறிஸ்திக்கு முந்தின நாட்களில் சினாக்காரா பள்ளத்தாக்கில் கோய்லுர் ரிட்டி யாத்திரை நடக்கிறது. யுனெஸ்கோ பட்டியலில் 2011இல் சேர்ந்த விழா. பனிமலை அடிவாரம், 4,600 மீட்டருக்கு மேல். மவயானி என்ற ஊரிலிருந்து சுமார் 8 கி.மீ. மேடேறி நடக்க வேண்டும். இரவுக் குளிர் உறைநிலைக்குக் கீழே போகும். ஒரு வாரமாவது மலையில் இருந்து பழகாதவர்கள் இதற்குப் போக வேண்டாம் என்பது என் கருத்து.

ஜூலையில்தான் விடுப்பு கிடைக்கும் என்றால் பவுக்கர்தம்போ என்ற சிற்றூரில் ஜூலை 16ஐ ஒட்டிக் கார்மேல் மாதா விழா இருக்கிறது. முகமூடி நடனம் பார்க்க அதைவிட நல்ல இடம் இல்லை என்று குஸ்கோவில் பலர் சொன்னார்கள். ஊர் சின்னது, தங்க அறை கிடைப்பது கடினம். ஜூலை 28, 29 பெருவின் சுதந்திர தின விடுமுறை. அந்த வாரம் பேருந்து, விடுதி எல்லாமே விலை ஏறும்.

பிப்ரவரியில் பூனோ நகரில் கந்தேலாரியா மாதா விழாவும், பொலிவியாவில் ஒரூரோ திருவிழாவும் உண்டு. பூனோவில் பிப்ரவரி 2 முதன்மை நாள். ஒரூரோவின் பெரிய ஊர்வலம் சாம்பல் புதனுக்கு முந்தின சனிக்கிழமை. 2027இல் அது பிப்ரவரி 6. இரண்டுமே கண்கொள்ளாக் காட்சி. ஆனால் அது அங்கே அடைமழைக் காலம், இன்கா மக்கள் கட்டிய பழைய மலைநகரமான மச்சு பிச்சுவை மேகம் மூடியிருக்கும். அங்கே போகும் பழைய இன்கா நடைபாதையை பிப்ரவரி முழுக்கப் பராமரிப்புக்காக மூடிவிடுவார்கள்.

இதற்குமேல் ஜூன் 24ஐ வைத்தே சொல்கிறேன். வேறு விழா என்றாலும் கணக்கு இதேதான்.

2. பின்னோக்கி எண்ணும் கணக்கு

ஜூன் 24 குஸ்கோவில் இருக்க வேண்டும் என்றால், ஜூன் 18க்குள் பெரு மலைப்பகுதிக்குப் போய்விடுங்கள். அப்படியானால் 17 தலைநகர் லிமாவில் இறங்க வேண்டும், 15 அன்று ஊரிலிருந்து கிளம்ப வேண்டும். மஞ்சள் காய்ச்சல் ஊசியை மே மாதத்திலேயே போட்டாக வேண்டும். விசாவுக்கு மார்ச் அல்லது ஏப்ரலில் விண்ணப்பியுங்கள். மச்சு பிச்சு நுழைவுச்சீட்டை அந்த ஆண்டுக்கான விற்பனை திறந்தவுடனேயே பார்க்கத் தொடங்குங்கள். நான்கு நாள் இன்கா நடைபாதை போக ஆசையென்றால் முந்தின ஆண்டின் இறுதியிலேயே முகவரிடம் பேசிவிட வேண்டும். அந்தப் பாதையில் ஒரு நாளைக்கு 500 பேருக்குத்தான் அனுமதி. சுமை தூக்குவோரும் வழிகாட்டிகளும் அந்த 500இலேயே அடக்கம்.

இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவைத்த பிறகு விமானச் சீட்டைத் தேடுங்கள்.

3. பெயர்: நம்மவர்கள் அதிகம் மாட்டிக்கொள்ளும் இடம்

இதைத் தனித் தலைப்பாகச் சொல்லக் காரணம் உண்டு. நம்மில் பலருடைய பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர்க் கட்டம் காலியாக இருக்கும். நம் பெயரும் அப்பா பெயரும் சேர்ந்து ஒரே கட்டத்தில் இருக்கும். தென் அமெரிக்காவிலோ ஆளுக்கு இரண்டு குடும்பப்பெயர். அங்குள்ள எந்தப் படிவமும் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் நகராது.

என் பாஸ்போர்ட்டும் அப்படித்தான். ரயில் சீட்டில் அப்பா பெயரைக் குடும்பப்பெயராகப் போட்டேன். மச்சு பிச்சு சீட்டு வாங்கிக்கொடுத்த முகவர் என் பெயரையே இரண்டு கட்டத்திலும் போட்டுவிட்டார். அதைத் திருத்தக் குஸ்கோவில் அரை நாள் அலைந்தேன். அந்த அரை நாளை நான் படுத்து ஓய்வெடுக்கச் செலவிட்டிருக்க வேண்டும்.

இப்படிச் செய்யுங்கள். பெயர் வரியின் கடைசிச் சொல்லைக் குடும்பப்பெயர் என்று ஒருமுறை முடிவு செய்துகொள்ளுங்கள். விமானம், ரயில், நுழைவுச்சீட்டு, பேருந்து எல்லாவற்றிலும் அதையே எழுதுங்கள். இனிஷியல் எங்கேயும் வேண்டாம், பாஸ்போர்ட்டில் உள்ளபடி முழுதாக எழுதுங்கள். பாஸ்போர்ட் எண்ணை இரண்டு முறை சரிபாருங்கள். புதுப்பிக்கும் நேரம் நெருங்கியிருந்தால் குடும்பப்பெயர்க் கட்டத்தை நிரப்பியே புதுப் பாஸ்போர்ட் வாங்குங்கள். அதை முதலில் முடித்துவிட்டு மற்ற சீட்டுகளை வாங்குங்கள். பழைய எண்ணில் சீட்டு எடுத்துவிட்டு புதுப் பாஸ்போர்ட்டோடு போய் நிற்காதீர்கள்.

4. விசா

அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகள், இவற்றில் ஏதாவது ஒன்றின் விசா உங்கள் பாஸ்போர்ட்டில் இருந்து, அது இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாகும் என்றால், இந்தியர்கள் பெருவுக்குச் சுற்றுலா விசா இல்லாமலே போகலாம். 2017 முதல் இருக்கும் சலுகை இது. அந்த ஆறு மாதத்தைத்தான் பலர் கவனிப்பதில்லை. முதல் முறை ஷெங்கன் விசா வாங்குவோருக்குப் பெரும்பாலும் சில வாரங்களுக்குத்தான் கொடுக்கிறார்கள். அதைக் காட்டிப் பெருவுக்குள் நுழைய முடியாது. பயணத்துக்கு முன் பெரு தூதரகத்தின் பக்கத்தில் விதியை மறுபடி ஒருமுறை பார்த்து, அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சென்னை விமான நிலையத்தில் பெட்டி போடும் இடத்தில் இருப்பவருக்கு இந்த விதி தெரியாமல் இருக்கலாம். எங்களை இருபது நிமிடம் நிற்கவைத்துவிட்டுத்தான் விட்டார்கள்.

அப்படி எந்த விசாவும் இல்லாதவர்கள் தில்லியில் உள்ள பெரு தூதரகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு மேல் செல்லுபடியுள்ள பாஸ்போர்ட், படிவம், புகைப்படம், போக வர விமானப் பதிவு, விடுதிப் பதிவு, கடந்த சில மாத வங்கிக் கணக்கு அறிக்கை, வேலை பார்ப்பவர் என்றால் அலுவலகக் கடிதம், சம்பளச் சீட்டு, வருமான வரித் தாக்கல் நகல் ஆகியவற்றைத் தயாராக வையுங்கள். பணம் கட்டிய விமானச் சீட்டைக் கொடுக்க அவசரப்படாதீர்கள். ரத்து செய்யக்கூடிய பதிவு போதுமா என்று தூதரகத்திடமே மின்னஞ்சலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

5. மஞ்சள் காய்ச்சல் ஊசி

பெருவுக்குள் நுழைய இந்த ஊசி தேவை என்று பலர் நினைக்கிறார்கள். குஸ்கோ, மச்சு பிச்சு மட்டும் பார்க்கப் போகிறவர்களை அங்கே யாரும் அதைக் கேட்பதில்லை. கேட்பது நம் ஊரில், திரும்பி வரும்போது. பெரு, பொலிவியா, பிரேசில் போன்ற நாடுகளிலிருந்து ஆறு நாளுக்குள் இந்தியா வருகிறவர்களிடம் ஊசி போட்டதற்கான மஞ்சள் அட்டை இல்லையென்றால், மிச்ச நாளுக்குத் தனிமை முகாமில் வைக்க விதி இருக்கிறது. இதில் சலுகை எதுவும் எதிர்பார்க்காதீர்கள்.

சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் இந்த ஊசி போடுகிறார்கள். எல்லா நாளும் போடமாட்டார்கள். முன்பதிவு முறையும் நாளும் மாறும், விசாரித்துக்கொண்டு போங்கள். பாஸ்போர்ட் அசல் கட்டாயம், அட்டையில் அதன் எண்ணை எழுதுவார்கள். கட்டணம் சில நூறு ரூபாய்தான். ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் அட்டை செல்லும், பிறகு ஆயுள் முழுக்கச் செல்லும். கிளம்ப ஐந்து நாள் இருக்கும்போது ஓடிப்போய்ப் போட்டுக்கொண்டால், அங்கே போய் இறங்கும்போது அட்டை இன்னும் செல்லாது. அறுபது வயதைத் தாண்டியவர்கள், முட்டை ஒத்துக்கொள்ளாதவர்கள், கர்ப்பிணிகள் முதலில் தங்கள் மருத்துவரிடம் பேசுங்கள்.

6. விமானச் சீட்டு

இந்தியாவிலிருந்து லிமாவுக்கு நேரடி விமானம் இல்லை. ஐரோப்பா வழியாகவோ, வளைகுடா அல்லது அடிஸ் அபாபா போய் அங்கிருந்து சாவோ பாலோ வழியாகவோ, அமெரிக்கா வழியாகவோ போகலாம். எந்த வழியிலும் கிட்டத்தட்ட ஒரு முழு நாளோ அதற்கு மேலோ ஆகும். எங்களுக்குப் போக வர ஆளுக்கு ஒன்றரை லட்சத்தை ஒட்டி ஆனது.

அமெரிக்கா வழியென்றால் விமானம் மாறுவதற்கே அமெரிக்க விசா வேண்டும். சில ஐரோப்பிய நாடுகள் விமான நிலையத்துக்குள் இருந்தபடி மாறினாலும் இந்தியர்களிடம் இடைவழி விசா கேட்கின்றன. நாட்டுக்கு நாடு விதி வேறு, அதனால் சீட்டு வாங்கும் முன் அந்தந்த நாட்டின் தூதரகப் பக்கத்தைப் பாருங்கள். சாவோ பாலோ வரை ஒரு சீட்டு, அங்கிருந்து லிமாவுக்குத் தனிச் சீட்டு என்று மலிவாக வாங்கினால், பெட்டியை எடுத்து மறுபடி போட நீங்கள் பிரேசிலுக்குள் நுழைய வேண்டிவரும். அதற்கு பிரேசில் விசா வேண்டும். கடைசி ஊர் வரை ஒரே சீட்டாக வாங்குவதே நல்லது.

லிமாவிலிருந்து குஸ்கோவுக்கு ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவான விமானப் பயணம். இந்தச் சீட்டைக் காலை வேளைக்கு எடுங்கள். குஸ்கோவில் வானிலை கெட்டால் பிற்பகல் விமானங்கள்தான் முதலில் ரத்தாகும். லிமாவில் ஓர் இரவு தங்கிப் போவது உடம்புக்கும் நல்லது.

7. உயரம்: இந்தப் பயணத்தின் கடினமான பகுதி

குஸ்கோ கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,400 மீட்டர். கோவைக்காரர்களுக்குப் புரியும்படி சொன்னால், தொட்டபெட்டா உச்சி 2,637 மீட்டர். அதற்கும் மேலே இன்னும் எழுநூற்று அறுபது மீட்டர் ஏறினால் குஸ்கோவின் தெரு. விமானத்தில் போகிறவர் கடற்கரை ஊரான லிமாவிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் அந்த உயரத்துக்குப் போய்விடுகிறார். உடம்பு எப்படிப் பழகும்?

உயர நோயை அங்கே சொரோச்சே என்கிறார்கள். வயதுக்கும் உடற்கட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தினமும் ஐந்து கிலோமீட்டர் ஓடுகிற நான் படுத்துவிட்டேன். ஓடாத தங்கை நடமாடினாள்.

நான் மறுபடி போனால் இப்படித்தான் திட்டமிடுவேன். குஸ்கோ விமான நிலையத்தில் இறங்கியதும் நகருக்குள் போகாமல், நேராக வண்டி பிடித்து ஓயந்தைத்தம்போ ஊருக்குப் போய்விடுவேன். இரண்டு மணி நேரப் பயணம். அந்த ஊர் 2,800 மீட்டருக்குச் சற்றுக் கீழே, கிட்டத்தட்டத் தொட்டபெட்டா உயரம். அங்கே இரண்டு இரவு. அங்கிருந்தே ரயிலில் மச்சு பிச்சு. அது இன்னும் தாழ்வு, 2,430 மீட்டர்தான். அதைப் பார்த்துவிட்டு 21 அல்லது 22ஆம் தேதி குஸ்கோவுக்கு ஏறி வந்தால், 24 அன்று உடம்பு தயாராக இருக்கும். குஸ்கோவில் தங்கிச் சுற்றிவிட்டு மச்சு பிச்சுவைக் கடைசியில் வைக்கிறவர்கள்தான் அதிகம். அந்த வரிசையைத் திருப்பிப் போடுவதற்குக் கூடுதல் செலவு ஒன்றும் இல்லை.

முதல் இரண்டு நாள் மெதுவாக நடங்கள். வயிறு நிறையச் சாப்பிடாதீர்கள். மது வேண்டாம். தண்ணீர் நிறையக் குடியுங்கள். விடுதிகளில் கோகா இலைத் தேநீர் வைத்திருப்பார்கள், குடிக்கலாம். முன்யா என்ற மலைப்புதினா போன்ற இலையிலும் தேநீர் தருவார்கள், எனக்கு அதுதான் பிடித்தது. அசிட்டசோலமைடு மாத்திரை பற்றி ஊரிலேயே மருத்துவரிடம் கேளுங்கள். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் அதை அவரிடம் சொல்லியாக வேண்டும். ஓய்வில் இருக்கும்போதும் மூச்சு திணறினால், நடை தடுமாறினால், பேச்சு குழறினால் காத்திருக்காதீர்கள். உடனே மருத்துவமனை, உடனே தாழ்வான ஊர். உயர நோயையும் சேர்க்கும் பயணக் காப்பீடு எடுங்கள். பல மலிவான காப்பீடுகளில் ஒரு உயரத்துக்கு மேல் செல்லாது என்று சிறிய எழுத்தில் இருக்கும்.

படங்களில் பார்க்கும் வானவில் மலை 5,000 மீட்டருக்கு மேல் இருக்கிறது. திருவிழாவுக்கு முன்னால் அங்கே போகாதீர்கள்.

8. மச்சு பிச்சு நுழைவுச்சீட்டு

அரசின் கலாச்சார அமைச்சகத் தளத்தில் மட்டும் வாங்குங்கள். அதே போன்ற பெயரில், அதே போன்ற தோற்றத்தில் ஏராளமான தனியார் தளங்கள் தேடலில் முதலில் வரும். முகவரியின் முடிவில் பெரு அரசுக் கலாச்சாரத் துறையின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். வெளிநாட்டுப் பெரியவர்களுக்குக் கட்டணம் 152 சோல், வைனா பிச்சு சிகரத்தோடு சேர்த்து 200 சோல். ஒரு சோல் சுமார் 25 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு மேல் பெரிய தொகை கேட்டால், நடுவில் ஒருவர் இருக்கிறார்.

உள்ளே மூன்று சுற்றுகள் உண்டு. எந்தச் சுற்றுக்கு வாங்கினீர்களோ அதில் மட்டும்தான் நடக்க முடியும். முதல் சுற்று மேலிருந்து பார்ப்பது, ஊருக்குள் இறங்காது. இரண்டாவதில் அந்தப் புகழ்பெற்ற காட்சியும் கிடைக்கும், கோயில்களும் கிடைக்கும். மூன்றாவது கீழ்ப்பகுதி, வைனா பிச்சு ஏறுகிறவர்களுக்கு இதுதான். ஒரே ஒரு முறை போகிறவர்கள் இரண்டாவதை வாங்குங்கள். அதுதான் முதலில் தீர்ந்தும் போகிறது. ஜூன் மாதத்துக்கு இரண்டு, மூன்று மாதம் முன்பே வாங்கிவிடுங்கள்.

தீர்ந்துவிட்டால் இன்னொரு வழி உண்டு. மலையடிவார ஊரான ஆகுவாஸ் கலியெந்தேஸில் மறுநாளுக்கான சீட்டுகள் ஒரு நாளைக்கு ஆயிரம் வரை நேரில் விற்கிறார்கள். ஜூனில் அதற்கு விடியும் முன்பே வரிசை நிற்கும். அந்த ஊரில் கூடுதலாக ஓர் இரவு தங்க நேரம் உள்ளவர்கள் மட்டும் இதை நம்புங்கள்.

வரிசை முக்கியம். முதலில் நுழைவுச்சீட்டு, பிறகு அந்த நேரத்துக்கு ஏற்ற ரயில், பிறகு மலைப் பேருந்து. ஓயந்தைத்தம்போவிலிருந்து ரயில் ஒன்றே முக்கால் மணி நேரம் போல. எங்களுக்குப் போக வர ஆளுக்கு நூற்றைம்பது டாலரை ஒட்டி வந்தது. அங்கிருந்து மேலே போகும் பேருந்துக்குப் போக வர 24 டாலர், அரை மணி நேரம். ஆக இந்த ஓர் இடத்துக்கே ஆளுக்குப் பதினெட்டாயிரம், இருபதாயிரம் ரூபாய் வைத்துக்கொள்ளுங்கள். செலவைக் குறைக்க நினைக்கிறவர்கள் குஸ்கோவிலிருந்து வேனில் ஹித்ரோஎலெக்த்ரிக்கா வரை ஆறேழு மணி நேரம் போய், அங்கிருந்து தண்டவாளத்தை ஒட்டிப் பத்து கிலோமீட்டர் நடக்கிறார்கள். மலைச்சாலை பயங்கரமானது, களைப்பும் அதிகம். திருவிழாவுக்கு முந்தின வாரத்தில் அந்தக் களைப்பு வேண்டாம்.

வாசலில் அசல் பாஸ்போர்ட் கேட்பார்கள், நகல் செல்லாது. உள்ளே கழிப்பறை இல்லை, வாசலுக்கு வெளியே இருப்பதைப் பயன்படுத்திவிட்டு நுழையுங்கள்.

9. ஜூன் 24 அன்று

விழா மூன்று இடங்களில் நடக்கிறது. காலையில் கொரிகாஞ்சா, முற்பகலில் நகரின் பெரிய சதுக்கம், மதியத்துக்குப் பிறகு ஊருக்கு மேலே சக்சய்வாமான் கற்கோட்டை. முதல் இரண்டுக்கும் கட்டணம் இல்லை. மூன்றாவதில் நாற்காலிக்குச் சீட்டு உண்டு. நகராட்சியின் விழா நிறுவனமான எமுஃபெக் சில மாதம் முன்பே விற்பனையைத் தொடங்கும். நூறு டாலருக்குக் குறையாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

நாற்காலிக்குப் பணம் இல்லையென்றால் கோட்டையைச் சுற்றியுள்ள மேடுகளில் உட்காரலாம், இலவசம். என் தங்கை அங்கேதான் உட்கார்ந்தாள். கொரிகாஞ்சாவில் சங்கு முழங்க இன்கா அரசர் வேடமிட்டவர் சுவர் மேல் தோன்றிச் சூரியனை நோக்கிக் கைகளை உயர்த்தியதைப் பார்த்துவிட்டு, சதுக்கத்துக்குப் போகாமல் நேரே மேலே ஏறிவிட்டாள். முக்கால் மணி நேரச் செங்குத்து ஏற்றம். பத்தரைக்கே மேட்டில் இடம் நெருக்கமாக இருந்ததாம். பக்கத்தில் ஒரு குடும்பம், பாட்டியிலிருந்து கைக்குழந்தை வரை, போர்வை விரித்து உட்கார்ந்து துணிப்பையிலிருந்து அவித்த மக்காச்சோளமும் பாலாடைக்கட்டியும் எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இவள் தனியாக இருப்பதைப் பார்த்துப் பாட்டி ஒரு கதிரை நீட்டினாராம். சோளம் ஒவ்வொன்றும் கட்டைவிரல் நகம் அளவு. முன்வரிசையில் யாராவது எழுந்து நின்றால் பின்னால் இருக்கிற அத்தனை பேரும் உட்காரச் சொல்லிக் கத்துகிறார்கள். "அக்கா, நம்ம ஊர்த் தேர்த் திருவிழாக் கூட்டம் மாதிரியே இருந்துச்சு" என்று சாயங்காலம் வந்து சொன்னாள். அவள் முகம் வெயிலில் செங்கல் நிறமாகியிருந்தது.

வசனம் முழுவதும் மலை மக்களின் கெச்சுவா மொழியில்தான். லாமா என்ற மலை விலங்கைப் பலி கொடுப்பது நடிப்பு, உண்மையில் வெட்டுவதில்லை. குழந்தைகளோடு போகிறவர்கள் கவலைப்பட வேண்டாம்.

தொப்பி, சூரியக் களிம்பு, தண்ணீர், சாப்பாடு, உட்கார ஒரு துணி எடுத்துப் போங்கள். வெயில் இறங்கியதும் சட்டென்று குளிரும், அதனால் கனமான மேல்சட்டையும் பையில் இருக்கட்டும். கூட்டம் கலையும்போது கைப்பேசியையும் பணப்பையையும் உள்பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டை அன்று விடுதிப் பெட்டகத்தில் வைத்துவிட்டு நகலோடு போங்கள்.

விடுதி அறையை நான்கு மாதம் முன்பே பிடியுங்கள். 22 முதல் 25 வரை விலை இரட்டிப்பாகும். சான் பிளாஸ் பகுதி அழகு, ஆனால் எல்லாம் படிக்கட்டு. மூச்சு வாங்கும் நிலையில் பெட்டியோடு ஏற முடியாது. சதுக்கத்துக்கும் கொரிகாஞ்சாவுக்கும் நடுவே சமதளத்தில் தேடுங்கள்.

10. பணமும் சாப்பாடும்

ரூபாயை அங்கே யாரும் மாற்றமாட்டார்கள். டாலர் கொண்டுபோங்கள். நோட்டில் ஒரு சிறு கிழிசலோ பேனாக் கோடோ இருந்தால் வாங்கமாட்டார்கள், ஊரில் வாங்கும்போதே ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பார்த்து வாங்குங்கள். ஏடிஎம்களில் கழிக்கும் கட்டணம் அதிகம், ஒரே தடவையில் தேவையானதை எடுங்கள்.

வெளிநாட்டுப் பயணிகளுக்கு விடுதிக் கட்டணத்தில் 18 சதவீத வரி விலக்கு உண்டு. பதிவு விலையில் வரி சேர்ந்திருந்தால் பாஸ்போர்ட்டைக் காட்டிக் கேளுங்கள். நாங்கள் கேட்ட பிறகுதான் கழித்தார்கள்.

குஸ்கோ சுற்றுவட்டார இடங்களுக்குப் போலெத்தோ துரிஸ்திக்கோ என்ற கூட்டுச்சீட்டு இருக்கிறது. 130 சோல், பத்து நாள் செல்லும். சக்சய்வாமான், பிசாக், ஓயந்தைத்தம்போ, மொராய் எல்லாம் அதில் வரும். மராஸ் உப்பளமும் கொரிகாஞ்சாவின் உட்பகுதியும் அதில் வராது. ஓயந்தைத்தம்போவில் முதலில் நுழையும்போதே இந்தக் கூட்டுச்சீட்டை வாங்கிவிட்டால் பத்து நாள் கணக்கு அங்கிருந்து தொடங்கும், எல்லாவற்றுக்கும் போதும்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் 'சைவம்' என்ற ஒரு சொல்லை நம்பாதீர்கள். கினோவா சூப் பார்க்கச் சைவமாக இருக்கும், கொதிக்கவைத்தது கோழி நீராக இருக்கும். "சின் கார்னே, சின் போயோ, சின் பெஸ்காதோ, சின் கால்தோ தே போயோ" என்று இறைச்சி, கோழி, மீன், கோழிச்சாறு என ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். தாளில் எழுதிக் காட்டினால் இன்னும் நல்லது. சான் பெத்ரோ சந்தையில் பழச்சாறு, ரொட்டி, அவித்த உருளை, சோளம், பாலாடைக்கட்டி வைத்தே இரண்டு வேளை ஓட்டலாம். அசைவர்களுக்கு ஜூனில் சிரியூச்சு என்ற பண்டிகைத் தட்டு கிடைக்கும். ஒரே தட்டில் கினிப் பன்றி என்ற எலி போன்ற சிறு பிராணி, கோழி, உப்புக்கண்டம், மீன் முட்டை, கடற்பாசி, பாலாடைக்கட்டி, வறுத்த சோளம், அதன் மேல் ஒரு துண்டு ரொக்கோத்தோ மிளகாய். ஆறிய நிலையில்தான் பரிமாறுவார்கள். வயிறு பழகும் முன் முதல் நாளே அதைச் சாப்பிடாதீர்கள்.

11. பொலிவியாவையும் சேர்க்கலாமா?

பதினெட்டு நாளுக்கு மேல் இருந்தால் சேர்க்கலாம். குஸ்கோவிலிருந்து பூனோவுக்குப் பேருந்தில் ஆறேழு மணி நேரம், அங்கிருந்து திதிகாகா ஏரியை ஒட்டிக் கோப்பகபானா, லா பாஸ், பிறகு இரவுப் பேருந்தில் உயுனி உப்புவெளி. 10,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் வெறும் உப்பு. ஜூனில் தரை வறண்டு வெள்ளையாக இருக்கும். வானம் தரையில் தெரியும் அந்தப் படங்கள் மழைக்காலத்தில், ஜனவரி முதல் மார்ச் வரை எடுத்தவை. ஜூன் இரவுகளில் அங்கே குளிர் உறைநிலைக்கு வெகு கீழே போகும். ஜீப்பில் போகும் முன் தூங்கும் பை தருவார்களா, அறையில் சூடேற்றி உண்டா என்று கேளுங்கள்.

பொலிவியாவுக்கு விசா விதி தனி, மாறிக்கொண்டும் இருக்கிறது. தில்லியில் உள்ள அவர்கள் தூதரகத்தில் கேட்டுவிட்டுத் திட்டமிடுங்கள். மஞ்சள் அட்டை அசல் கையில் இருக்கட்டும். பொலிவியாவின் கடிகாரம் பெருவைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடும், எல்லையில் மாலை நேரம் அலுவலகம் மூடுவதைத் தவறவிடுகிறவர்கள் உண்டு. இரண்டு நாடுகளிலும் சாலை மறியல் சாதாரணம். 'பாரோ' அல்லது 'புளோக்கேயோ' என்று விடுதியில் யாராவது சொன்னால் அன்று பேருந்து போகாது என்று அர்த்தம். ஊருக்குத் திரும்பும் விமானத்துக்கு முன் இரண்டு நாளாவது வெறுமனே வைத்திருங்கள்.

12. திரும்பி வரும்போது

பெட்டியைக் கட்டும் முன் கோகா தேநீர்ப் பொட்டலம், இலை, மிட்டாய் எதுவும் இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். பெருவில் கடைகளில் வெளிப்படையாக விற்பார்கள், ஆனால் இந்தியச் சட்டப்படி கோகா இலை போதைப்பொருள் பட்டியலில் இருக்கிறது. விடுதிக்காரர் அன்போடு கொடுத்தாலும் அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.

மஞ்சள் அட்டையைப் பெட்டிக்குள் போட்டுவிடாதீர்கள், கைப்பையில் பாஸ்போர்ட்டோடு சேர்த்து வையுங்கள். சென்னையில் குடிவரவு வரிசைக்கு முன்னால் சுகாதார மேசை இருக்கிறது. எங்கள் முறை வந்தபோது அங்கிருந்தவர் அட்டையில் உள்ள எண்ணையும் பாஸ்போர்ட் எண்ணையும் ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிட்டுப் பார்த்து, ஊசி போட்ட தேதியை விரலால் எண்ணிவிட்டுத்தான் போகச் சொன்னார்.